அத்தை சொன்ன ஆமாங்க

எம்.ஃபில். சேர்ந்த வருடம் திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீதியைத் தாண்டிப் போவதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று ஓட்டமும் நடையுமாகப் போகும்போதுதான் யாராவது வாசலில் நின்றுகொண்டு, "என்ன கண்ணு, இன்னும் படிச்சு முடியலையா?" என்பார்கள். எம்.ஃபில். என்று சொன்னால் எதிலே என்று கேட்பார்கள். அங்கேதான் வம்பு. "பண்பாட்டுப் பகுப்பாய்வுங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்ட மாதிரி ஒரு பரிதாபம் வந்துவிடும். "அப்ப பி.எட். இல்லீங்களா?" என்பார் ஒருவர். "அதுல கம்ப்யூட்டரு வருமுங்களா?" என்பார் இன்னொருவர். வருமுங்க, வருமுங்க என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவேன்.

அப்பா மட்டும் இதற்கு ஒரு விளக்கம் தயாராக வைத்திருந்தார். எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அவருக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. கணியூரிலிருந்து மீசை முளைக்காத வயதில் திருப்பூருக்கு வந்து, கட்டிங் மாஸ்டராக இருந்து, பிறகு சொந்தமாக நாலைந்து மெஷின் போட்டவர். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள் கொடுக்கிற துணியைத் தைத்துக் கொடுப்பார். அவருடைய உலகத்தில் எல்லாமே கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், பேக்கிங்தான். ஆகவே என் படிப்பைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்: "கலாச்சாரத்துக்குச் செக்கிங் பண்ற படிப்புங்க. எங்க ஓட்டை இருக்குது, எங்க கறை இருக்குதுன்னு பாத்துச் சொல்லிப்போடுவாங்க." கேட்டவர்கள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எனக்குத்தான் மானம் போகும்.

நான் ஏன் எம்.ஃபில். சேர்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறிவுத் தாகம் என்றெல்லாம் விண்ணப்பத்தில் எழுதினேன். உண்மையான காரணம் கணியூரில் இருந்தது.

அப்பாவின் அக்காவைக் கணியூரிலேயே கட்டிக் கொடுத்திருந்தது. அத்தைக்கு ஒரே பையன். நான் பிறந்த அன்றைக்கே அவனுக்கு இவள் என்று பேசிவிட்டார்களாம். என்னை யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் அப்போது நான் அழுதிருப்பேன், அவ்வளவுதான். எம்.ஏ. தமிழ் முடித்த கோடையில் அத்தை ஒரு தட்டு நிறையப் பழத்தோடு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கன்னத்தைத் தடவி, "என்ன கண்ணு, நம்மூட்டுக்கு வந்தர்றியா?" என்று கேட்டார்.

நான் "ஆமாங்க அத்தை" என்றேன்.

வேறென்ன சொல்ல முடியும்? எங்கள் பக்கத்தில் ஒருவர் முகத்துக்கு நேராக முடியாது, வேண்டாம் என்று சொல்வதென்பது கை நீட்டி அடிப்பதற்குச் சமம். கடன் கேட்டு வருபவரிடமும், பெண் கேட்டு வருபவரிடமும், ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாக் கட்சிக்காரரிடமும் "ஆவட்டுங்க", "பாத்துக்கலாமுங்க", "ஆமாங்க" என்றுதான் சொல்வோம். அதோடு ஒரு டம்ளர் காப்பியும் கொடுப்போம். வந்தவர் எங்கள் ஊர்க்காரராக இருந்தால் காப்பி வந்த வேகத்திலேயே பதிலைப் புரிந்துகொள்வார். வெளியூர்க்காரராக இருந்தால் சந்தோஷமாகப் போய், மறு மாதம் திரும்பி வருவார்.

அத்தை பையனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நல்ல மனிதர். தென்னை, கரும்பு, ஒரு டிவிஎஸ் ஐம்பது. திருப்பூர் வந்தால் ஒரு மூட்டை தேங்காயை இறக்கி வைத்துவிட்டு, "நல்லாருக்கறயா?" என்று கேட்பார். நல்லாருக்கறேனுங்க என்பேன். தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்த மொத்தப் பேச்சு வார்த்தையும் அவ்வளவுதான். எனக்கோ கல்லூரியில் வகுப்பெடுக்க வேண்டும். சாக்பீஸ் தூள் படிந்த கையோடு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். கணியூருக்குப் போனால் அது நடக்காது என்று எனக்குத் தெரியும். பயமாக இருந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "ஒரு வருசம் எம்.ஃபில். மட்டும் முடிச்சுக்கறேனுங்க அத்தை" என்பதுதான். அத்தைக்கு ஏக சந்தோஷம். மருமகள் எம்.ஃபில். என்று ஊரெல்லாம் சொல்லலாமே!

இப்படித்தான் நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரிக்குத் தினமும் பஸ் பிடித்துப் போய்ப் பண்பாட்டை ஆராய ஆரம்பித்தேன்.

என் நெறியாளர் தென் மாவட்டத்துக்காரர். எங்கேயோ வடக்கே போய்ப் பண்பாட்டுப் பகுப்பாய்வைப் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். ஜோல்னாப் பை, தாடி, கையில் எப்போதும் பாதி குடித்த டீ. அவருக்கு எதைப் பார்த்தாலும் பிரதிதான். டீக்கடை ஒரு பிரதி. கல்யாணப் பத்திரிகை ஒரு பிரதி. ஒருநாள் மழை வந்து வகுப்பு நடக்கவில்லை, அதையும் பிரதி என்றார். எழுதி வைத்ததைப் படிப்பதுபோல உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் படிக்கலாம் என்பது அவர் கட்சி. நாங்கள் முதலில் சிரித்தோம். பிறகு எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. நான் வீட்டில் ரசத்தைப் பார்த்து ஒரு தரம் அப்படிச் சொல்லி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் பேச்சில் கேலிக்கு இடம் இருந்ததே தவிர, மனசில் கள்ளமே கிடையாது. படிக்க வந்த பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக நினைத்த மனிதர்.

ஆய்வுத் தலைப்புத் தேடி அவரை ஒருநாள் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அந்தக் காலத்துத் திருப்பூரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டுக்குப் போகாமல் கழித்துவிட்ட ரிஜெக்ட் பனியன்களைத்தான் ஊரே போட்டுக்கொண்டு திரியும். கீரை விற்கிறவர் மார்பில் ஏதோ தேசத்துக் கால்பந்துக் குழு. வண்டி இழுக்கிறவர் முதுகில் அரைகுறை ஆடையோடு கடற்கரையில் படுத்திருக்கும் வெள்ளைக்காரி. மாரியம்மன் கோயில் பூசாரி கரடி படம் போட்டிருந்தார். யாருக்கும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

"எம்மா, ஊரே புஸ்தகமால்லா நடமாடுது!" என்றார் சார். கையிலிருந்த டீ ஆறிப் போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அவருடைய குஷியைப் பார்த்து நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க அத்தை இதைத் திருப்பித்தான் சார் போடுவாங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

சொல்ல வேண்டும். அப்பா ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு மூட்டை ரிஜெக்ட் பனியன் கட்டிக்கொண்டு போவார். கரும்புச் சோகை, அதாவது காய்ந்த தோகை, கையைக் கீறும் என்று அங்கே பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைப் பனியன் போட்டுக்கொண்டுதான் காட்டில் இறங்குவார்கள். அத்தையிடம் ஒரு சிவப்புப் பனியன் இருந்தது. முன்பக்கம் ஒருவன் கால்களில் பலகை கட்டிக்கொண்டு பனிமலையில் சறுக்குவான். அவனைச் சுற்றி ஏதோ ஒரு பாஷையில் எழுத்து. அத்தை அதை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டுதான் கரும்புக்குள் போவார்.

சார் என்னை ஒரு புது மரியாதையோடு பார்த்தார். "திருப்பியா? அவங்களாவா? யாரும் சொல்லாமலா?" அடுத்த சனிக்கிழமையே உடுமலைக்குப் பஸ் ஏறி, அங்கே மாறி, மடத்துக்குளத்தில் மறுபடி மாறி, டேப் ரெக்கார்டரோடு இரண்டு பேரும் கணியூர் போய்ச் சேர்ந்தோம்.

அத்தை கரும்புக் காட்டில் இருந்தார். சிவப்புப் பனியன், திருப்பிப் போட்டபடி. வருங்கால மருமகளும் அவளுடைய வாத்தியாரும் வந்திருக்கிறார்கள் என்றதும் கைகால் ஓடவில்லை. தென்னை மரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டு, இளநீர் வெட்டி, முறுக்கு வைத்து, அதன் பிறகுதான் எங்களைப் பேசவே விட்டார். சார் டேப்பை அமுக்கினார்.

"இந்த எழுத்து உங்க உடம்புல தெரியக் கூடாதுன்னுதான திருப்பிப் போட்டிருக்கீங்க?"

"ஆமாங்க."

"அதாவது, யாரோ ஒரு அந்நியன் எழுதுன எழுத்தை நான் ஏன் சுமக்கணும்னு ஒரு எண்ணம்?"

"ஆமாங்க. இன்னொரு எளநி வெட்டட்டுங்களா?"

"இருக்கட்டும்மா. அப்ப இது ஒரு எதிர்ப்புன்னே எடுத்துக்கிடலாமா?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் முறுக்கைப் பார்த்தேன். "அப்படியே வெச்சுக்கலாமுங்க. நீங்க படிச்சவங்க, தப்பாவா சொல்லுவீங்க?" என்றார் அத்தை.

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாம்மா, எவ்வளவு தெளிவா சொல்லுதாங்க!" என்று என் காதில் சொன்னார்.

ஐயோ சாமி, எனக்குத் தெரியாதா? பனிமலைக்காரன் வெயிலில் வெளுத்துப் போகக் கூடாது, சோகை பட்டு உரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். காட்டுக்கு உள்பக்கம், உடுமலைச் சந்தைக்கு வெளிப்பக்கம். எங்கள் சொந்தத்தில் எல்லோரும் அப்படித்தான். வீட்டில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் விருந்தாளி ஒரு காரணத்தைச் சொல்லிவிட்ட பிறகு, அதெல்லாம் இல்லை என்று வேறொரு காரணத்தைச் சொல்வது அவரைப் பொய்யர் என்று சொன்ன மாதிரி ஆகாதா? அதனால் அத்தை ஆமாங்க என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "உனக்கும் அப்படித்தானம்மா தோணுது?" என்று சார் கேட்டார். நானும் அத்தை குடும்பத்துப் பெண்தானே. "ஆமாங்க சார்" என்றேன்.

அந்த ஆமாங்க இரண்டும் சேர்ந்து மூன்றாம் இயலாக வளர்ந்தன. "திருப்பி உடுத்தல்: ஓர் எதிர்ப்பின் இலக்கணம்" என்று சார் தலைப்பு வைத்தார். பனியனில் இருந்த எழுத்தை யார் யாரிடமோ காட்டிப் பொருளும் கண்டுபிடித்து வந்தார். ஏதோ ஓர் ஊர்ப் பனிச்சறுக்குச் சங்கத்தின் வெள்ளி விழாவாம். அதற்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் விளக்கம் எழுதச் சொன்னார். நானும் எழுதினேன். கூச்சமாக இருந்தாலும் வாக்கியங்கள் என்னவோ அழகாகத்தான் வந்தன.

இதற்கிடையில் எனக்கு வேறு ஒரு சங்கடம். ஒவ்வோர் இயல் முடிந்ததும் அத்தைக்குச் சேதி போய்விடும். அப்பா பெருமையாகச் சொல்லிவிடுவார். "இன்னும் எத்தனை பாக்கி கண்ணு?" என்று அத்தை கேட்பார். ஆய்வேடு முடிந்தால் தை மாதம் கல்யாணம். நான் அடிக்குறிப்பு எழுத எழுத அங்கே வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மெதுவாக எழுதினேன். முடிந்த வரை மெதுவாக எழுதினேன். "ஏம்மா, நூலாம்படை பின்னுதியா?" என்று சார் கடிந்துகொண்டார். இரண்டு பக்கமும் இழுத்தால் நான் என்னதான் செய்வேன்?

ஒரு வழியாக ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து, அட்டை போட்டு, அப்பா எடுத்துக் கொடுத்த பனியன் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டியின் மேல் பனியன் போட்ட பயில்வான் ஒருவன் புஜத்தை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். அலுவலகத்தில் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. அந்தப் பயில்வானை உற்றுப் பார்த்தார். அடுத்த மாணவருக்குத் தலைப்புக் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். துறையில் ஓர் அழைப்பிதழை சைக்ளோஸ்டைலில் உருட்டிக் கொடுத்தார்கள். கடைசி வரியில் "அனைவரும் வருக" என்று இருந்தது. துறை மாணவர்கள் நாலு பேர் வந்து உட்காருவார்கள், அதற்காகப் போடுகிற வரி அது. நான் அதை வீட்டில் மேஜை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

அப்பா அதைப் படித்தார். எங்கள் சனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அழைப்பு வந்துவிட்டால் போயே ஆக வேண்டும். அதிலும் அனைவரும் வருக என்று அச்சடித்துக் கூப்பிட்ட பிறகு ஆள் குறைந்து போனால் கூப்பிட்டவர்களுக்கு அவமரியாதை. தேர்வு நாளன்று காலை பத்து மணிக்குக் கல்லூரி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அப்பா, அம்மா, அத்தை, அத்தையின் கொழுந்தனார் குடும்பம், ராயபுரத்துப் பக்கத்து வீட்டார் என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பெண்கள் பட்டுச்சேலை. கையில் தாம்பாளம். ஆப்பிள், சாத்துக்குடி, வெற்றிலை பாக்கு, தேங்காய். அப்பா கையில் பனியன் பெட்டி. நல்ல வேளை, அத்தை பையனுக்கு அன்றைக்கு மடை திருப்புகிற முறை, வரவில்லை.

"என்னப்பா இது?" என்றேன். அழுகையே வந்துவிட்டது.

"அனைவரும் வருகன்னு போட்டிருக்குதே கண்ணு" என்றார் அப்பா.

புறத்தேர்வாளர் சென்னையிலிருந்து வந்திருந்த பெரியவர். ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி, மெல்லிய குரல். அப்பா அவரை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்து, "தொண்ணூறு சைஸ்தான், சரியா எடுத்தாந்திருக்கறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வணக்கம் போட்டு, பெட்டியை நீட்டினார்.

"வேண்டாங்க. நான் வாங்கிக்க மாட்டேன்" என்றார் பெரியவர்.

கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பா பெட்டியை நீட்டியபடியே நின்றார். வேண்டாம் என்று ஒரு மனிதர் இவ்வளவு சுளுவாகச் சொல்லிவிட முடியும் என்பதை அவர் அன்றைக்குத்தான் பார்க்கிறார். எனக்கே என்னவோ மாதிரி இருந்தது.

தேர்வு ஆரம்பித்தது. எங்கள் சனங்கள் முன் வரிசையில் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். துறை மாணவர்கள் இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். முதல் இரண்டு இயல்களை நான் ஒப்பித்து முடித்தேன். பெரியவர் மூன்றாம் இயலைத் திறந்தார்.

"இந்த இயல் முழுக்க ஒரே ஒருத்தர் சொன்ன பதில் மேல நிக்குது. யாரு இந்த அம்மா?"

சாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அவங்களே வந்திருக்காங்க ஐயா!" என்று கை காட்டினார். அத்தை எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கும்பிட்டார்.

"வணக்கம்மா. பனியனைத் திருப்பிப் போட்டீங்களே, அந்த எழுத்து பிடிக்காமலா?"

"ஆமாங்க."

சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இல்ல, படம் ரொம்பப் பிடிச்சுப்போய், அது கெட்டுடக் கூடாதுன்னா?"

"ஆமாங்க" என்றார் அத்தை, அதே மரியாதையோடு.

"அப்படியும் இல்லாம, இருட்டுல அவசரத்துல மாத்திப் போட்டுக்கிட்டீங்களா?"

"ஆமாங்க, அப்படியும் இருக்குமுங்க."

சுவரோரம் நின்றவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். பெரியவர் அவர்களைப் பார்த்த பார்வையில் அடங்கினார்கள். அத்தைக்கு நன்றி சொல்லி உட்காரச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மூணுல எதும்மா சரி?"

நான் சாரைப் பார்த்தேன். பாவம், தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் நெறியாளர். முதல் என்று சொன்னால் அவர் மரியாதை நிற்கும், ஆனால் அத்தையின் மூன்று ஆமாங்கவையும் கேட்ட பெரியவர் நம்ப மாட்டார், என் ஆய்வேடு விழும். இரண்டாவது என்றால் அத்தனை பேருக்கு முன்னால் அவர் தவறு என்று நானே சொன்னதாகும். சாரிடமிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

"ரெண்டாவதுங்க ஐயா" என்றேன்.

"அப்ப முதலாவதுக்கு ஏன் ஆமான்னாங்க? உன் ஆய்வே அதுலதானே நிக்குது?"

அந்த வருடம் முழுக்கப் படித்த கோட்பாடு ஒன்றும் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "எங்க பக்கம் ஆமாங்கன்னா ஒத்துக்கிட்டோம்னு இல்லீங்க ஐயா. நீங்க சொன்னது காதுல விழுந்துது, நீங்க பெரியவங்க, உங்க மனசு நோகக் கூடாது, எளநி குடிங்கன்னு அர்த்தமுங்க. முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்ல எங்களுக்கு வராதுங்க."

பெரியவர் முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றினார். "இது ஆய்வும்மா. இதை ஏன் எழுதலை?" என்றார். பிறகு மேஜையில் விரலால் தட்டினார். "ஆனா சும்மா சொன்னா ஆகாது. சான்று வேணும். மனசுல இல்லைன்னு வெச்சுக்கிட்டு வாயால ஆமாங்கன்னு சொன்ன ஒரே ஓர் ஆளைக் காட்டு, போதும்."

நான் யோசித்தேன். கடன் கேட்டு வந்தவர், ஓட்டுக் கேட்டு வந்தவர் எல்லாம் ஞாபகத்துக்கு வந்திருக்கலாம். ஒருவரும் வரவில்லை. பதில் சொல்லியாக வேண்டும் என்ற பதற்றத்தில், பரீட்சைக்காரியின் அவசரத்தில், அது தானாக வெளியே வந்து விழுந்தது.

"நானுங்க ஐயா. எங்க அத்தை பையனைக் கட்டிக்கறயான்னு கேட்டாங்க. ஆமாங்கன்னு சொன்னேன்."

சொல்லி முடித்த பிறகுதான் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது உறைத்தது.  அம்மா மடியில் இருந்த தாம்பாளத்திலிருந்து ஒரு சாத்துக்குடி உருண்டு கீழே விழுந்து, மேஜை வரை ஓடி, சார் காலடியில் போய் நின்றது. அதை எடுக்க ஒருவருக்கும் கை நீளவில்லை. எல்லாவற்றையும் பிரதி என்று சொல்கிற சார் அந்தச் சாத்துக்குடியை மட்டும் பிரதி என்று சொல்லவில்லை. நான் அத்தையைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

பெரியவருக்கு என்ன புரிந்ததோ, எவ்வளவு புரிந்ததோ, மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தேர்ச்சி என்றார். ஆனால் மூன்றாம் இயலை இன்றைக்குச் சொன்னபடி திருத்தி எழுதிக் கொடுத்த பிறகுதான் பட்டம் என்றார். சார் எழுந்து வந்து என் தோளில் தட்டி, "நான்தாம்மா கேட்கத் தெரியாம கேட்டிருக்கேன்" என்றார். அதற்கும் என் வாயில் முதலில் ஆமாங்க சார் என்றுதான் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வேனில் ஏறினோம்.  அப்பா முன்சீட்டில் பனியன் பெட்டியை அணைத்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எனக்கு அத்தை பக்கத்தில்தான் இடம் இருந்தது. சூலூர் தாண்டியதும் அத்தை என் பக்கம் திரும்பினார். தாம்பாளத்திலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து, முந்தானையால் துடைத்து, என் கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். கடிக்கத் தோன்றவில்லை.

"ஏங்கண்ணு" என்றார்.

"சொல்லுங்க அத்தை."

"இதை எங்கிட்டச் சொல்றதுக்கு இத்தனை படிப்புப் படிக்கோணுமா? அன்னைக்கே, நான் பக்கத்துல உக்காந்திருக்கையிலயே, ஒரு வார்த்தை சொன்னா ஆவாதா?"

அழுதுவிட்டேன். சத்தம் போட்டே அழுதேன். முன்சீட்டில் அப்பா திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ரோட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை சிரித்தார். கண் சிவந்துபோய் இருந்தது.

"என்ன சொல்லியிருப்பேன்? அதுக்கென்ன கண்ணு, எனக்கொண்ணும் வருத்தமில்லைன்னு சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அதுக்கு என்ன அர்த்தம்னு நீதான் படிச்சிருக்கறயே" என்றார்.